பதிலி

வைகை எக்ஸ்பிரஸில் எழும்பூர் வந்து இறங்கி, மின்சார ரயில் பிடித்துத் திரிசூலம் போய், சுரங்கப்பாதைக்குள் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்து விமான நிலையத்துக்குள் நுழைந்த முதல் வகுப்புப் பயணி அன்றைக்கு நான் ஒருத்தனாகத்தான் இருந்திருப்பேன். 2014, பொங்கல் முடிந்த வாரம். கைப்பையில் பாஸ்போர்ட், மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட அட்டை, மிளகாய்ப்பொடி தடவிய ஆறு இட்லி. அம்மா விடியற்காலையில் பன்னிரண்டு வைத்துக் கட்டினாள். ஆறு ரயிலுக்கு, ஆறு ராத்திரிக்கு. ரயிலுக்கானதைத் திருச்சி தாண்டுவதற்குள் முடித்துவிட்டேன்.

தார் எஸ் சலாமுக்கு வெளியே ஒரு நூற்பாலையில் அப்போது நான் ஸ்பின்னிங் மாஸ்டர். மதுரை, ராஜபாளையம், திண்டுக்கல் பக்கத்தில் மில் வேலை பழகியவர்களுக்கு ஆப்பிரிக்கா ஒன்றும் தூரமில்லை. இங்கே ஒவ்வொரு மில்லாகச் சங்கு ஊதுவதை நிறுத்திய காலத்தில் எத்தியோப்பியா, உகாண்டா, தான்சானியா என்று ஆளாளுக்கு ஒரு திசையில் கிளம்பினோம். விக்டோரியா ஏரிக்குத் தெற்கே முவான்சா, ஷின்யாங்கா பக்கம் பஞ்சு விளைகிறது. அதை நூலாக்குகிற மில்லில் இங்கே பழகிய கைக்கு வேலை இருந்தது. வருஷத்துக்கு ஒரு மாதம் லீவு. அந்த லீவில் திருநகர் வீட்டில் இருக்கும்போதுதான் நூல் நூற்கிற ரிங் ஃபிரேம் ஆறு நின்றுபோய்விட்டது, உடனே கிளம்பு என்று போன் வந்தது. பொங்கலுக்கு ஊர் வந்த வளைகுடாக் கூட்டம் திரும்புகிற நேரம். சாதாரண வகுப்பில் ஒரு வாரத்துக்கு இடமே இல்லை.

எங்கள் முதலாளி குஜராத்திக்காரர், மூன்று தலைமுறையாகத் தான்சானியாவில் இருக்கிற குடும்பம். மெஷின் பார்க்க மனைவியோடு கோயம்புத்தூர் வந்திருந்தார். வந்த இடத்தில் அந்த அம்மாவுக்கு முடியாமல் போய் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. அவர் சென்னையிலிருந்து துபாய் வழியாக எமிரேட்ஸில், முதல் வகுப்பில், திரும்புவதாக இருந்தது. விமான டிக்கெட்டைப் பஸ் டிக்கெட் மாதிரி அடுத்தவர் கையில் கொடுத்துவிட முடியாது. அவர் தன் சீட்டை ரத்து செய்துவிட்டு, வருஷக்கணக்கில் பறந்து பறந்து தன் கணக்கில் சேர்ந்திருந்த மைல்களைக் கொடுத்து, என் பேரில் அதே விமானங்களில் இடம் போட்டார். பறந்தது அவர், உட்காரப்போவது நான்.

துபாயில் நள்ளிரவு தாண்டி இறங்கினேன். அடுத்த விமானம் காலை பத்து மணிக்கு மேல்.

துபாய் விமான நிலையத்தின் ஏ கட்டடம் 2013 ஜனவரியில் திறந்தது. ஏ380 என்கிற இரண்டடுக்கு விமானத்துக்கென்றே கட்டப்பட்டது, உலகத்தில் அப்படி முதலாவது. அதில் ஒரு தளம் முழுக்க முதல் வகுப்புக்காரர்கள் தங்கிச் செல்வதற்கு. வாசலில் நின்ற பெண்ணிடம் போர்டிங் அட்டையை நீட்டிவிட்டு, தப்பான இடம், அந்தப் பக்கம் போங்கள் என்று சொல்லப்போகிறாள் என்று நான் உடம்பைத் திருப்பிக்கொண்டே நின்றேன். அவள் என் பெயரை மூன்றாக உடைத்து, மூன்றையும் தப்பாகச் சொல்லி, உள்ளே வரச் சொன்னாள். பின்னாலேயே ஒருவர் கைப்பிடி இல்லாத சின்னக் கிண்ணத்தில் ஏலக்காய் மணக்கிற அரபிக் காப்பியும் தட்டில் பேரீச்சம்பழமும் கொண்டுவந்தார். காப்பி மஞ்சளாக, கஷாயம் மாதிரி இருந்தது. பேரீச்சம்பழம் அருமை.

உள்ளே போய்ப் பார்த்தால் ஆள் இல்லை.

சுத்தமாக இல்லை என்று அர்த்தமில்லை. அந்த முனையில் ஒரு அரபுக் குடும்பம், நடுவில் வெள்ளைக்காரர் ஒருவர், மூலையில் செய்தித்தாளுக்குப் பின்னால் இரண்டு கால். மற்றபடி நாற்காலிகள். தோல் தைத்த அகலமான நாற்காலிகள், நாலு நாலாக, ஒவ்வொரு நாலுக்கும் நடுவில் விளக்கு. கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும் அதேதான். மில்காரன் புத்தி, எண்ண ஆரம்பித்துவிட்டேன். எங்கள் தொழிலில் காலையில் ஷெட்டுக்குள் நுழைந்ததும் முதல் கேள்வி, எத்தனை ஸ்பிண்டில் ஓடுகிறது, எத்தனை நிற்கிறது என்பது. நூற்றுக்கு இரண்டு நின்றாலே மேனேஜர் வைவார். இங்கே இருநூறு நாற்காலி எண்ணினேன், உட்கார்ந்திருந்தது ஒன்பது பேர். அதற்கு மேல் எண்ணவில்லை. நிற்கிற ஸ்பிண்டிலுக்குத்தான் இங்கே காசு வாங்குகிறார்கள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

ஏசியும் சரியில்லை. இதைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஸ்பின்னிங் ஷெட்டில் காற்றில் ஈரப்பதம் ஐம்பத்தைந்து, அறுபது சதவீதம் இருக்க வேண்டும். குறைந்தால் பஞ்சு முறுக்கிக்கொண்டு எழும், ரோலரில் சுற்றும், நூல் அறும். முப்பது வருஷம் அதிலேயே நின்றவனுக்கு மூக்குதான் மீட்டர். அந்த ஹாலில் காற்று காய்ந்துபோய் நாற்பதுக்குக் கீழே இருந்திருக்கும், உதடு வெடித்தது. இந்த ஹாலில் நாலு ஃபிரேம் போட்டால் ஒரு கோன் நூல் உருப்படியாக வராது என்று நினைத்துக்கொண்டே ஓரமாக ஒரு நாற்காலியைப் பார்த்து உட்கார்ந்தேன். வாசல் தெரிகிற நாற்காலி. யார் வருகிறார்கள், யார் கூப்பிடுகிறார்கள் என்று தெரிகிற இடம். அப்படி உட்கார்ந்த பிறகுதான், இந்த உட்காரலை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று தோன்றியது. அப்பா மில் கேட்டில் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார்.

திருநகரைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், அங்கே தெருப்பெயரைவிட ஸ்டாப் நம்பர்தான் விலாசம். முதல் ஸ்டாப், ரெண்டாவது ஸ்டாப், மூணாவது ஸ்டாப். ஒரு பக்கம் திருப்பரங்குன்றம் மலை, பக்கத்திலேயே மில் தொழிலாளிகளுக்கென்று உண்டான ஹார்விபட்டி, அந்தப் பக்கம் களிமண் பொம்மைக்குப் பேர்போன விளாச்சேரி. மதுரையில் ஹார்வி சகோதரர்கள் மில் தொடங்கியது 1890களின் தொடக்கத்தில். 1974ல் அது கோட்ஸோடு சேர்ந்து மதுரா கோட்ஸ் ஆனது, இருந்தாலும் ஊர் வாயில் கடைசிவரைக்கும் ஹார்வி மில்தான். பசுமலையில் மகாலட்சுமி மில், திருநகரிலேயே சீதாலட்சுமி மில். திருமங்கலம் ரோட்டில் சைக்கிள்கள் எந்தப் பக்கம் போகின்றன என்று பார்த்தே எந்த மில்லில் எந்த ஷிப்ட் மாறுகிறது என்று சொல்லிவிடலாம். அப்பா போனது இவை எதற்கும் இல்லை. அதைவிடச் சின்ன மில் ஒன்று. அதன் பேர் வேண்டாம், இன்று அந்த மில்லும் இல்லை.

அவர் அங்கே ஒன்பது வருஷம் பதிலி. மில் ஊர்களுக்கு வெளியே இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். நிரந்தரத் தொழிலாளி ஒருவர் வராத நாளில் அவர் இடத்தில் நிற்கிறவர் பதிலி. ஆங்கிலத்திலேயும் 'பட்லி' என்றுதான் எழுதுவார்கள், 1947ஆம் வருஷத்துத் தொழில் தகராறுச் சட்டத்திலேயே அந்தச் சொல் இருந்தது. சம்பளம் வேலை செய்த நாளுக்கு மட்டும். வேலை உண்டா என்பது கேட்டில் போய் நின்றால்தான் தெரியும். ஷிப்ட் சங்கு ஊதி, நிரந்தர ஆட்கள் உள்ளே போய், கால் மணி நேரம் கழித்து மேஸ்திரி கையில் சீட்டோடு டைம் ஆபீஸ் வாசலுக்கு வருவார். அவர் பதிலியின் பேரைச் சொல்ல மாட்டார். வராதவன் பேரைத்தான் சொல்வார். பிறகு கூட்டத்தைப் பார்த்து விரலை நீட்டுவார். விரல் யாரைக் காட்டுகிறதோ அவர் எட்டு மணி நேரத்துக்கு அந்த ஆள்.

ஒரு லீவு நாளில் அப்பா என்னைச் சைக்கிளில் முன்னால் வைத்து அங்கே கூட்டிப் போயிருக்கிறார். நான் ஐந்தோ ஆறோ படித்துக்கொண்டிருந்தேன். முப்பது நாற்பது பேர் சுவரோரம் குத்தவைத்திருந்தார்கள். ஆளுக்கொரு தூக்குச்சட்டி. மேஸ்திரி வந்ததும் எல்லாரும் எழுந்து நின்றார்கள். எழுந்தபோது நாற்பது தூக்குச்சட்டியின் கைப்பிடியும் ஒன்றாகச் சத்தம் போட்டது. ஏழு பேர் உள்ளே போனார்கள், அப்பா போகவில்லை. "அரை நைட்டுக்குப் பாப்போம்" என்று மட்டும் சொன்னார். பகல் ஷிப்ட், அரை நைட், முழு நைட் என்று நாளுக்கு மூன்று தடவை அந்த விரலுக்கு முன்னால் எழுந்து நிற்கலாம்.

வேலை கிடைக்காத நாளில் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்ப அவருக்குப் பிடிக்காது. தென்கால் கண்மாய்க் கரையில் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, சட்டியைக் கண்மாய்த் தண்ணீரில் அலசி, ஷிப்ட் முடிகிற நேரத்துக்கு வருவார். சட்டி காலி, ஆகவே வேலை கிடைத்தது என்று கணக்கு. சம்பள நாளில் குட்டு வெளிப்பட்டுவிடும்தான், இருந்தும் அன்றன்றைக்கு மறைக்க வேண்டியிருந்தது. அம்மா சட்டியை வாங்குவாள், திறந்துகூடப் பார்க்க மாட்டாள். அவள் பார்வை அப்பாவின் புருவத்தில் இருக்கும். ஷெட்டுக்குள் எட்டு மணி நேரம் நின்றவன் தலையில், புருவத்தில், காது மடலில் பஞ்சு படியாமல் இருக்காது. வேலை கிடைத்த நாளில் காலையில் கறுப்பாகப் போன அப்பா சாயங்காலம் நரைத்துப்போய் வருவார். நரைக்காமல் வந்தால் அம்மா ஒன்றும் கேட்காமல் காப்பி போடப் போவாள்.

திருவிழா நாட்களில் அப்பாவுக்கு நிச்சயம் வேலை உண்டு. சித்திரைத் திருவிழா, பங்குனித் தேர், தீபாவளிக்கு மறுநாள், மில்லில் பாதிப் பேர் வர மாட்டார்கள். அந்த ஒன்பது வருஷத்தில் அழகர் ஆற்றில் இறங்கியதை அப்பா பார்த்ததில்லை. நாங்கள் பார்த்துவிட்டு வந்து சொல்வோம், என்ன பட்டு கட்டியிருந்தார் என்று. கண்வலி சீசன், காய்ச்சல் சீசன் எல்லாம் எங்களுக்கு அறுவடை. அம்மாவுக்கு அது உறுத்தும். வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் நிற்பாளாம், பின்னால் சொல்லியிருக்கிறாள். அப்பாவுக்கு அந்தக் குழப்பம் இல்லை. "யாருக்கும் காய்ச்சல் வரணும்னு நான் நினைச்சதில்ல. வந்தா வேணாம்னு சொன்னதுமில்ல."

1981ல் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வந்தது. இருபத்துநாலு மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும். அந்த எண் மில் கேட்டில் ஏதோ நல்ல நாள் மாதிரி வாயில் புழங்கியது. எங்கள் வீட்டில் தினத்தாள் காலண்டர் உண்டு. வேலைக்குப் போன நாளின் தாளை மட்டும் அப்பா கிழித்து, கடையில் பில் குத்துவார்களே அந்த மாதிரிக் கம்பியில் குத்தி வைப்பார். போகாத நாளின் தாளை அம்மா பொடி மடிக்க எடுத்துக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமை தாள்களை எண்ணிச் சொல்வது என் வேலை. ஒரு தடவை 440ஐத் தாண்டியது. அந்த வாரத்திலிருந்து ஒரு மாதத்துக்கு மேல் மேஸ்திரியின் விரல் அப்பா பக்கமே திரும்பவில்லை. 'பிரேக்' என்று அதற்குப் பேர். பழைய நாட்கள் கணக்கிலிருந்து பின்னால் உதிர்ந்துகொண்டே வந்தன. அப்பா கம்பியிலிருந்து அந்தத் தாள்களை அடியிலிருந்து ஒவ்வொன்றாக உருவி எடுத்தார். பிறகு ஒருவழியாக அவரும் நிரந்தரமானார், அதற்குள் எனக்கு மீசை முளைத்துவிட்டது.

துபாயில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து இதையெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். பதில் என்ற சொல்லே அரபியில் 'பதல்' என்கிற சொல்லிலிருந்து உருது வழியாகத் தமிழுக்கு வந்தது என்று அகராதியில் படித்திருக்கிறேன். மாற்று, ஒன்றுக்கு ஒன்று. அந்தச் சொல் கிளம்பிய பக்கத்துக்கே, அதே வேலையாகத்தான் நானும் வந்திருந்தேன். கோயம்புத்தூரில் ஒரு அம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கப் போய்த்தானே இந்த நாற்காலி. வரணும்னு நினைக்கவில்லை, வேணாம்னும் சொல்லவில்லை.

பசி எடுத்தது. இட்லி இருக்கிறதே என்று பையில் கை வைத்தேன். அதற்குள் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் வந்து, ஐயா சாப்பிடுகிறீர்களா என்று கேட்டு, வெள்ளை விரிப்புப் போட்ட மேஜைக்குக் கூட்டிப் போனார். மெனு அட்டையில் விலை இல்லை. விலையில்லாத அட்டையைப் படிப்பது சிரமம். வழக்கமாக நான் வலது பக்கத்தை முதலில் படித்துவிட்டு இடது பக்கம் வருகிறவன். சூப், ஆட்டுக்கறி, ஏதோ பாலாடை இனிப்பு. நல்லது பொல்லாது சொல்லத் தெரியவில்லை, மூன்றையும் வழித்துச் சாப்பிட்டேன். சொல்வதற்கு வெட்கமென்ன, விடியற்காலை நாலு மணிக்கு இன்னொரு தடவை போய்ச் சாப்பிட்டேன். காலைப் பலகாரத்துக்கும் போனேன். பந்தியில் இடம் கிடைத்தவன் எழுந்திருப்பானா? அந்த மேஜையில் வீட்டு இட்லியை நினைத்துக் கண் கலங்கினேன் என்று எழுதினால் வாசிக்க நன்றாகத்தான் இருக்கும். நடந்தது அப்படி இல்லை.

குளிக்கிற அறையும் இருந்தது. துண்டை எடுத்தபோது அதன் கனம் கையில் தெரிந்தது. நூல்காரன் சும்மா இருப்பானா, ஓரத்தில் தொங்கிய ஒரு இழையை நகத்தால் இழுத்து வெளிச்சத்தில் பிடித்து முறுக்கைப் பிரித்துப் பார்த்தேன். ரிங் ஃபிரேம் நூல், சந்தேகமில்லை. ஓப்பன் எண்ட் நூலாக இருந்தால் வெளியே பட்டி கட்டின மாதிரி இழைகள் சுற்றியிருக்கும். இருபதாம் நம்பரா, பதினாறா என்று தராசில்லாமல் சொல்ல முடியாது. முறுக்கு குறைவாக, பஞ்சு நீளமாக இருந்தது. யாரோ ஒருத்தன் ஒழுங்காக வேலை பார்த்திருக்கிறான். கதவைத் தட்டிவிடுவார்களோ என்று பயந்து இழையை உருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அந்த முழு இரவில் நான் அங்கிருந்து எடுத்து வந்தது அது ஒன்றுதான்.

வெளியே வந்தபோது ஷூ துடைக்கிற இடத்தில் இருந்தவர் கூப்பிட்டார். வேண்டாம் என்றேன். சும்மாதான் இருக்கிறேன், வாருங்கள் என்று கையால் காட்டினார். உயரமான நாற்காலி. அதில் ஏறி உட்கார்ந்து என் காலை இன்னொரு மனிதர் முன்னால் நீட்டுவது கூச்சமாக இருந்தது. அப்பா இருந்திருந்தால் வைதிருப்பார். அது நான் மில்லில் போட்டு நடக்கிற ஷூதான், லீவுக்கு வரும்போது துடைத்துப் போட்டுக்கொண்டு வந்தது. அவர் நாடாவை அவிழ்த்து, ஓட்டைகளைத் துணியால் துழாவினார். துணி நுனியில் அழுக்கேறிய பஞ்சு ஒன்று திரண்டு வந்தது. அதைக் கீழே போடாமல் உள்ளங்கையில் வைத்து என்னிடம் காட்டினார். "காட்டன்?" என்றார். "காட்டன்" என்றேன். தலையாட்டிவிட்டு அதைத் தன் டப்பா ஓரத்தில் வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். அவர் நம்மூர்க்காரரா என்று கேட்பீர்கள். இல்லை. எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை, அவரும் என்னைக் கேட்கவில்லை.

விமான நிலையத்தில் இப்படித் தனியறை வைக்கிற வழக்கம் அமெரிக்காவில் 1939ல் தொடங்கியது. நியூயார்க்கின் லகார்டியா விமான நிலையத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 'அட்மிரல்ஸ் கிளப்' என்று ஒன்றைத் திறந்தது. ஆரம்பத்தில் காசு கட்டி அதில் சேர முடியாது, கம்பெனியே பார்த்து யாரை அழைக்கிறதோ அவர்தான் உள்ளே போகலாம். மேஸ்திரியின் விரல்தான், கொஞ்சம் மரியாதையாக.

தூங்குவதற்கு ஒரு பக்கம் தனியாக, விளக்கைக் குறைத்து, சாய்கிற நாற்காலிகளும் போர்வையும் வைத்திருந்தார்கள். நேரமானால் நாங்களே வந்து எழுப்புகிறோம் என்று ஒரு பெண் சொன்னாள். படுத்துப் பார்த்தேன். எனக்கு இடது காது சரியாகக் கேட்காது. தொண்ணூறு டெசிபலில் வருஷக்கணக்காக நின்றவர்களுக்கு வருவதுதான். ஆனால் அமைதியாக இருக்கும் இடத்தில் அந்தக் காதுக்குள் ஃபிரேம் ஓடத் தொடங்கிவிடும், ரீங்காரமாக, நிற்காமல். தான்சானியாவில் ஆலைக் குடியிருப்பில் சுவருக்கு அந்தப் பக்கம் உண்மையாகவே மெஷின் ஓடுவதால் காதுக்குள் ஓடுவது தெரியாது, தூங்கிவிடுவேன். இங்கே ஒரு சத்தமும் இல்லாததால் என் காதுக்குள் ஒரு ஷிப்ட் முழுக்க ஓடியது. எழுப்புவார்கள் என்று நம்பவும் மனம் வரவில்லை. ஐந்து மணிக்கு எழுந்து மறுபடியும் வாசல் தெரிகிற நாற்காலிக்கே போய்விட்டேன்.

விடிந்ததும் கண்ணாடிக்கு வெளியே விமானங்கள் வரிசையாக மூக்கைக் காட்டிக்கொண்டு நின்றன. சின்ன வயதில் மூணாவது ஸ்டாப்பில் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் பெருங்குடிப் பக்கம் எப்போதாவது ஒரு விமானம் இறங்கும், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவோம். 2012 செப்டம்பரில் அங்கிருந்து கொழும்புக்கு முதல் வெளிநாட்டு விமானம் போனபோது நான் தான்சானியாவில் இருந்தேன். அம்மா போனில் சொன்னாள், இனிமே நம்மூர்லயே ஏறிக்கலாமாமே என்று. அப்பா 2006லேயே போய்விட்டார்.

ஒன்பது மணிக்கு மேல் வாசலில் நின்ற அதே பெண் வந்தாள். என் எதிரில் நின்று, கொஞ்சம் குனிந்து, மறுபடியும் பெயரை மூன்றாக உடைத்துச் சொன்னாள். சட்டென்று எழுந்துவிட்டேன். அவ்வளவு வேகமாக எழுந்திருக்க வேண்டியதில்லை. அவளே ஒரு அடி பின்னால் போனாள். அங்கே யாரும் அப்படி எழுவதில்லை போலிருக்கிறது, முழங்காலில் கையை ஊன்றி நிதானமாக எழுவார்கள். பேரைக் கூப்பிட்டால் எழுகிற பழக்கத்தை நான் யாரிடம் கற்றேன் என்று எனக்குத் தெரியும். ஆனால் அப்பாவுக்கு நடக்காத ஒன்று எனக்கு நடந்தது. அவள் சொன்னது வராதவர் பேர் இல்லை, என் பேர்தான்.

தார் எஸ் சலாமில் சாயங்காலம் நேராக மில்லுக்குப் போனேன். அங்கே தொழில்நுட்பக்காரனை 'ஃபுண்டி' என்பார்கள். "ஃபுண்டி வந்தாச்சு" என்று கேட்டில் குரல் போனது. கேட்டுக்கு வெளியே வழக்கம்போல இருபது முப்பது பேர் நின்றிருந்தார்கள், ராத்திரி ஷிப்டுக்கு ஆள் எடுப்பார்களா என்று. அவர்களுக்குச் சுவாஹிலியில் 'கிபாருவா' என்று பேர். சின்னச் சீட்டு என்று அர்த்தம், ஒரு காலத்தில் தினக்கூலிக்காரர்களுக்கு நாளைக் குறித்துக் கொடுத்த சீட்டிலிருந்து வந்தது. அந்தக் கூட்டத்திலிருந்து யாரை எடுப்பது என்பதைப் பல நாள் நான்தான் சொல்வேன். அன்றைக்கு என் ஷூ பளபளவென்று இருந்தது. ஃபிரேம் நிற்கும்போது கூடுதல் ஆள் எதற்கு, யாரையும் எடுக்கச் சொல்லவில்லை.

அறைக்கு வந்து பையைத் திறந்தால் இட்லிப் பொட்டலம். வாழை இலை கறுத்து, எண்ணெய் வெளியே கசிந்து, பாஸ்போர்ட் உறையில் பட்டிருந்தது. புளித்த வாடை வந்தது. இரண்டைச் சாப்பிட்டுப் பார்த்தேன், மூன்றாவது இறங்கவில்லை. மற்றதைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டேன்.

வீட்டுக்குப் போன் போட்டேன். அம்மா எடுத்ததும் அதைத்தான் கேட்டாள்.

"இட்லி சாப்ட்டியாப்பா?"

"சாப்ட்டேம்மா. ராத்திரியே."

"ஆறையுமா?"

"ஆமா."

போனில் கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குச் சட்டென்று கை புருவத்துக்குப் போனது.

"சரி, துட்டு ஏறும். வச்சிரு" என்றாள்.